பட்டியிலிருந்து பள்ளேகலைக்கு: வாசகர் கேள்விகள்

(பால்மாடு வளர்த்து, பின்னர் பள்ளேகலையில் கூடும் மத்திய மாகாண சபைக்குத் தெரிவான நுவரெலியா மாவட்டத்துக்காரர் இந்த வாரம் பதிலளிக்கிறார்.)

வாசகர், அக்கரப்பத்தனை: ஐயா, மாடும் புல்லுமாக இருந்த உங்களை அரசியலுக்கு இழுத்து வந்த தலைவர் யார்?

எந்தத் தலைவரும் இல்லை, தம்பி. ஓர் அகப்பைதான். எங்கள் தோட்டத்துக்குக் கீழே பால் சேகரிக்கும் நிலையம் இருந்தது. பாலுக்கு விலை லீற்றர் கணக்கில் மட்டும் போடுவதில்லை. கொழுப்பும் கொழுப்பற்ற திண்மமும் எவ்வளவு என்று பார்த்துத்தான் போடுவார்கள். வண்டி வரும்வரை காத்திருக்கும் கேனில் கொழுப்பு மேலே ஏறிவிடும். கலக்காமல் அகப்பையை அடிவரை விட்டு மாதிரி எடுத்தால் குறைவாகத்தான் காட்டும். அங்கிருந்த பையன் தினமும் அப்படித்தான் எடுத்தான். வேண்டுமென்றா, அவசரத்திலா என்று நான் ஆராயவில்லை. “கலக்கிவிட்டு எடு” என்றேன். “நீங்கள் என்ன டாக்டரா?” என்றான்.

மறுநாள் வரிசையில் நின்றவர்களிடம் சொல்லிவைத்தேன்: கலக்காமல் எடுத்தால் ஒருவரும் பால் ஊற்றக் கூடாது. வண்டி நின்றது, மேலதிகாரி வந்தார், கலக்கும் கரண்டியும் வந்தது. பால்காரர் சங்கத்துக்கு என்னைத் தலைவராக்கினார்கள். சங்கத் தலைவர் கட்சிக்காரர்களின் கண்ணில் படாமல் இருக்க முடியுமா? 2013 செப்டெம்பர் தேர்தலில் பட்டியலில் என் பெயர். விருப்பு வாக்குக்காக மஸ்கெலியாவிலிருந்து வலப்பனை வரை ஓட வேண்டும். என்னிடம் வாகனம் இல்லை. பால் வண்டி போகும் பாதையெல்லாம் அகப்பைக் கதை எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.

வாசகி, தலவாக்கலை: சபையில் மாடு வளர்ப்போருக்காக என்ன செய்தீர்கள்? பெருமை வேண்டாம், உண்மையைச் சொல்லுங்கள்.

உண்மை சின்னதுதான், மகள். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி கால்நடை வளர்ப்பு மாகாணத்துக்குரிய விடயம். அதனால் என் கவலையெல்லாம் சினை ஊசி போடுபவர் எத்தனை மணிக்கு வருவார் என்பதில்தான் இருந்தது. பசு காலையில் கத்தி, தெளிந்த சளி ஒழுகினால் அன்று மாலை ஊசி போட வேண்டும்; மாலையில் கண்டால் மறுநாள் காலை. தவறவிட்டால் இன்னும் 21 நாள் சும்மா தீனி போட வேண்டும். லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) ஆள் டவுனுக்கு இறங்கி மிருக வைத்திய அலுவலகத்தில் சொல்லி, அவர்கள் மலையேறி வருவதற்குள் பருவம் கடந்துவிடும். வெற்றிடமாகக் கிடந்த ஒரு பதவிக்கு ஆளும், மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் படியும் கேட்டேன். 58 பேர் இருக்கும் சபையில் மாட்டுச் சளியைப் பற்றிப் பேசினால் சிரிக்காமல் இருப்பார்களா? சிரித்தார்கள். ஆள் வந்தார். பெட்ரோல் படி வரவில்லை.

வாசகர், நானுஓயா: தண்ணீர் அதிகம் கலப்பது பாலிலா, வாக்குறுதியிலா?

பாலில் கலந்த தண்ணீரைக் காட்ட லக்டோமீட்டர் இருக்கிறது. அடுத்த கேள்வி.

வாசகர், பொகவந்தலாவை: தோட்டத்து இளைஞர்கள் மாடு வளர்ப்பைக் கைவிடுவது சோம்பலால்தானே?

சோம்பல் என்பவர் விடியற்காலைக் குளிரில் புல்லுக்கட்டுடன் ஒரு முறை மேடு ஏறிப் பார்க்கட்டும். இடம் எங்கே இருக்கிறது? 1992 முதல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கையில். பட்டி போடத் துரையிடம் கேட்க வேண்டும். புல் அறுத்தால் காவல்காரன் வருவான். லயத்துக்குப் பதிலாகத் தனி வீடு தருகிறார்கள், நல்ல காரியம். ஆனால் எங்கள் பக்கம் கொடுத்தது ஏழு பேர்ச்சஸ் நிலம்தான். வீடும் கழிவறையும் போக நாலு பாத்தி லீக்ஸ் போடலாம். மாடு எங்கே படுக்கும்? மரக்கறி போடுபவர்கள் காசு கொடுத்து வாங்கும் சாணத்தை எங்கே குவிப்பது? வரைபடம் போட்டவர் பால் பாக்கெட்டில்தான் வாங்குகிறார் போலிருக்கிறது.

வாசகர், ஹட்டன்: மறுபடியும் போட்டியிடுவீர்களா?

எதில்? எங்கள் சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள். அதற்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையை அடுத்த ஆண்டே பாராளுமன்றம் நிராகரித்தது. பழைய முறையும் போய்விட்டது, புதியதும் வரவில்லை. அதன்பின் ஆளுநர் ஆட்சிதான். சினை ஊசிக்காரர் வராவிட்டால் ஆளுநர் வீட்டுக் கதவையா தட்டுவது?

வாசகி, கொட்டகலை: ஒரு பசு வைத்திருக்கிறேன். அடுத்த பிரதேச சபைத் தேர்தலில் நிற்கச் சொல்கிறார்கள். நிற்கலாமா, அண்ணா?

தாராளமாக நில்லுங்கள், தங்கச்சி. பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. தோட்டத்துக்குள் பிரதேச சபை பணம் செலவிட முன்பு சட்டம் இடம் கொடுக்கவில்லை; 2018இல் அதைத் திருத்திவிட்டார்கள். இனி “அது தோட்டத்துப் பாதை” என்று யாராவது கைவிரித்தால் சட்டத்தைக் காட்டலாம். வேட்புமனுவில் கையெழுத்துப் போடும் முன்பு கறவையை மட்டும் வீட்டுக்காரரிடம் பேசி முடித்துவிடுங்கள். புதுக் கை பட்டால் பசு பாலை அடக்கிக்கொள்ளும்; பிரசாரம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே அவரைப் பழக்குங்கள்.