அழைப்பில்லாமல் வந்து உட்கார ஓர் இடம்

அக்கா, நாங்கள் ஒரே பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆசிரியைகள். கும்பகோணம், கோவை, டொராண்டோ என்று சிதறிக் கிடக்கிறோம். வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படமும் இரங்கல் செய்தியும்தான் வருகின்றன. மாதம் ஒரு ஜூம் கூட்டம் வைத்தோம், சீக்கிரமே ஆள் குறைந்துவிட்டது. ஸ்டாஃப் ரூமில் பேசியதுபோல் ஆன்லைனில் பேச வழி உண்டா?
— வாசகி, கும்பகோணம்

உண்டு. முதலில் அந்த ஜூமை விடுங்கள். அதில் வரவேற்புரை, நன்றியுரை எல்லாம் வைத்திருப்பீர்கள் என்று பந்தயமே கட்டுவேன். கூட்டம் என்றால் நல்ல புடவைக்கு மாற வேண்டும், நேரத்துக்கு வர வேண்டும், பாதியில் எழுந்தால் யாராவது தப்பாக நினைப்பார்கள். இலவசக் கணக்கு என்றால் 40 நிமிடத்தில் அறுந்தும் போகும்.

ஸ்டாஃப் ரூமுக்கு உங்களை யார் அழைத்தார்கள்? பீரியட் இல்லாதவர் வந்து நோட்டுத் திருத்துவார். உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது வாசலிலேயே தெரியும். மணி அடித்தால் பாதிப் பேச்சில் போய்விடலாம். அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989-இல் ஒரு நூலில், வீடும் இல்லாத, வேலையிடமும் இல்லாத இத்தகைய அரட்டை இடங்களுக்கு 'மூன்றாம் இடம்' என்று பெயர் வைத்தார். உங்கள் ஸ்டாஃப் ரூம் பள்ளிக்குள் இருந்தாலும் குணம் அதுதான்.

ஆன்லைனிலும் இந்த மூன்றும் வேண்டும்: அழைப்பில்லாமல் வருவது, யார் இருக்கிறார்கள் என்று தெரிவது, சொல்லாமல் போவது. வாட்ஸ்அப் குழுவிலேயே 'வாய்ஸ் சாட்' இருக்கிறது. குரூப் கால் மாதிரி எல்லார் போனும் அலறாது. யார் உள்ளே இருக்கிறார்கள் என்று மட்டும் காட்டும், விருப்பமுள்ளவர் நுழையலாம். 2015-இல் வீடியோ கேம் ஆடுகிறவர்களுக்காக வந்த டிஸ்கார்ட் என்ற ஆப்பில் இப்படியான குரல் அறை எப்போதுமே திறந்திருக்கும். பேரன்கள் யாராவது அமைத்துத் தருவார்கள் என்றால் அதுவே மேல்.

ஆனால் காலி அறைக்குள் யாரும் வந்து உட்கார மாட்டார்கள். இதில்தான் பெரும்பாலான குழுக்கள் படுத்துவிடுகின்றன. உங்களில் வாயாடிகள் இரண்டு பேரைப் பிடியுங்கள். (எந்த ஸ்டாஃப் ரூமிலும் இருப்பார்கள், நீங்களே ஒருவராகவும் இருக்கலாம்!) வேறு யார் வந்தாலும் வராவிட்டாலும் தினமும் மாலை ஆறரைக்கு அவர்கள் உள்ளே இருக்க வேண்டும். அப்போது டொராண்டோவில் கோடை என்றால் காலை ஒன்பது, குளிர்காலம் என்றால் எட்டு. கேமரா வேண்டாம். கீரை ஆய்ந்துகொண்டே பேசட்டும், பேச ஒன்றுமில்லை என்றால் சும்மா இருக்கட்டும்.

இன்னொன்று. இரங்கல் செய்திக்குக் கீழே யார் ஜோக் அடிப்பார்கள்? அறிவிப்புகளுக்குத் தனிக் குழு வைத்து, அட்மின்கள் மட்டும் எழுதும்படி பூட்டிவிடுங்கள். அந்த வசதி 2018-லிருந்தே இருக்கிறது. காலை வணக்கப் படங்களும் அங்கேயே போகட்டும்.

2021 ஊரடங்கில் கிளப்ஹவுஸ் என்ற குரல் அரட்டை ஆப்பில் நள்ளிரவு வரை பேசிக் கிடந்தோமே, அந்தக் கூட்டம் ஏன் கலைந்தது?
— வாசகர், திண்டுக்கல்

ஊரடங்கு முடிந்தது, அது பாதிக் காரணம். மீதி அதன் அமைப்பு. மேடையில் சிலர், கீழே கேட்கிறவர்கள், பேச வேண்டுமென்றால் கை தூக்க வேண்டும். நாளாக நாளாகப் பல அறைகள் பட்டிமன்றமாகிவிட்டன. பட்டிமன்றம் கேட்க எனக்கும் பிடிக்கும், தினமும் முடியாது.

பழைய நூல்களைத் தட்டச்சு செய்யும் தன்னார்வலர் குழு நாங்கள். வேலைக்கான குழுவில் சிலர் கிரிக்கெட், சாப்பாடு என்று பேசி நேரத்தைக் கெடுக்கிறார்கள். தடை போடலாமா?
— வாசகர், மதுரை

போடாதீர்கள். சம்பளம் இல்லாத வேலைக்கு ஆட்கள் திரும்பி வருவதே பாதி அந்தப் பேச்சுக்காகத்தான். பிரெஞ்சு விக்கிப்பீடியாவில் 'பிஸ்ட்ரோ' (சின்ன உணவகம் என்று அர்த்தம்) என்று ஒரு பக்கம் உண்டு; உரையாடலுக்கு ஒவ்வொரு நாளும் புதுப் பக்கம் திறக்கிறார்கள். தமிழ் விக்கிப்பீடியாவிலும் 'ஆலமரத்தடி' இருக்கிறது, ஆனால் அங்கே வேலைப் பேச்சுதான் அதிகம். நீங்களும் அரட்டைக்கென்று, வேலைக் குழுவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு குழு திறந்து கொடுங்கள். அப்புறம், அட்மின் என்ற முறையில் நீங்களும் அங்கே போய்க் கொஞ்சம் கிரிக்கெட் பேசுங்கள். இல்லையென்றால் பேச்சு மறுபடி வேலைக் குழுவுக்கே வந்துவிடும்.