ரெசின் வாடையும் ஃபைபர் பொடியும்: முகக்கவசம் கொடுத்தால் முதலாளியின் கடமை தீர்ந்துவிடுமா?

கேள்வி: குளச்சலுக்கு அருகில் ஃபைபர் படகு கட்டும் பட்டறையில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ரெசின் பூசும்போது வரும் வாடையாலும், கிரைண்டர் வைத்துத் தேய்க்கும்போது பறக்கும் பொடியாலும் தலைசுற்றலும் வறட்டு இருமலும் விடாமல் இருக்கின்றன. நாங்கள் மொத்தம் 23 பேர். அதில் 14 பேர் காண்டிராக்டர் மூலம் வந்தவர்கள். “கடற்காற்று அடிக்கிற இடத்தில் எக்ஸாஸ்ட் எதற்கு? பதிவேட்டில் ஒன்பது பேர்தான், சட்டம் எதுவும் பொருந்தாது” என்கிறார் முதலாளி. முகக்கவசத்துக்கும் சம்பளத்தில் பிடிக்கிறார். நான் என்ன செய்யலாம்?

பதில்: ஒன்பது பேர் என்ற கணக்கை முதலில் பார்த்துவிடுவோம், ஏனெனில் மற்றவை எல்லாம் அதைப் பொறுத்தவை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி மின்சக்தி பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை. ஒப்பந்ததாரர் மூலம் வந்தவரும் அச்சட்டத்தின் வரையறைப்படி தொழிலாளரே. அச்சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம், 2020 அந்த எண்ணிக்கையை 20 ஆக உயர்த்தியிருக்கிறது. உங்கள் பட்டறையில் 23 பேர் இருப்பதால் எந்த அளவுகோலை வைத்தாலும் அது தொழிற்சாலைதான். முதலாளிக்குச் சாதகமாகப் பேசுவது பதிவேடு மட்டுமே. அதை உடைக்க, 14 பேரும் அங்கேதான் வேலை செய்கிறார்கள் என்பதைக் காட்டும் வருகைச் சீட்டு, கூலி கொடுத்த வங்கிப் பதிவு, தேதியுடன் கூடிய படங்கள் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள்.

அடுத்தது கடற்காற்று. பழைய சட்டத்தின் 14ஆம் பிரிவு பொதுவான காற்றோட்டத்தோடு நிற்கவில்லை. தூசியோ புகையோ தொழிலாளருக்குத் தீங்கு தரும் அளவில் எழுந்தால், அது எழும் இடத்துக்கு இயன்றவரை அருகிலேயே உறிஞ்சும் சாதனத்தைப் பொருத்தி, அந்த இடத்தை இயன்றவரை மூடியும் வைக்க வேண்டும் என்றது. புதிய தொகுப்பின் 23ஆம் பிரிவும் தூசி, நச்சு வாயு, புகை ஆகியவை இல்லாத சூழலைப் பராமரிக்கும் பொறுப்பை முதலாளி மீதே வைக்கிறது. பழைய சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட விதிகளும், புதியதற்கு முரணாகாத வரை, தொடர்கின்றன. “அருகில்” என்ற சொல்லுக்குக் காரணம் உண்டு: உறிஞ்சும் குழாயின் வாயிலிருந்து ஒரு விட்டம் அளவு தள்ளிப் போனாலே இழுவேகம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். எதிர்ச் சுவரில் மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேன், குனிந்து வேலை செய்பவரின் முகத்தைத் தாண்டித்தான் வாடையை இழுத்துச் செல்லும். மேலும், ஆனி ஆடிச் சாரலில் ரெசின் நனையாமலிருக்கப் பட்டறையைச் சுற்றித் தார்ப்பாய் கட்டுவது வழக்கம். அந்த நாட்களில் அவர் சொல்லும் கடற்காற்று எங்கே வரும்? படகின் அடிவயிற்றுக்குள் இறங்கி ரெசின் பூசுபவருக்கோ எந்த நாளிலும் வராது, ஏனெனில் ரெசினிலிருந்து ஆவியாகும் ஸ்டைரீன் காற்றைவிடக் கனமானது. அது பள்ளத்தில் தேங்கும். பழைய சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, எட்டு மணி நேர வேலைக்கு ஸ்டைரீனின் உச்ச அளவைக் காற்றின் பத்து லட்சம் பங்கில் 50 பங்கு என்று வரையறுத்திருந்தது. அளந்து பார்த்தீர்களா என்று எழுத்தில் கேட்பதே உங்கள் வலுவான கேள்வி.

முகக்கவசத்தைப் பொறுத்தவரை, துணிக் கவசமும் பொடியைத் தடுக்கும் கவசமும் ஸ்டைரீன் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி கொண்ட கவசம் வேண்டும். உறிஞ்சும் இயந்திரத்துக்கும் இது பொருந்தும்: பொடியைப் பிடிக்கும் பை வடிகட்டி ஆவியை அப்படியே வெளியே விட்டுவிடும். தீப்பற்றும் ஆவி என்பதால் தீப்பொறி எழுப்பாத மின்விசிறியே பொருத்தப்பட வேண்டும். இதை மனுவில் குறிப்பிடுங்கள், பெயருக்கு ஒரு ஃபேனை மாட்டிவிட்டு ஆய்வை முடித்துக்கொள்ள விடாதீர்கள். சம்பளத்தில் பிடித்தது தெளிவான மீறல். பாதுகாப்புக்காகத் தரும் எதற்கும் தொழிலாளரிடம் காசு வாங்கக் கூடாது என்பது பழைய சட்டத்தின் 114ஆம் பிரிவிலும் புதிய தொகுப்பின் 6ஆம் பிரிவிலும் உள்ளது. பிடித்த தொகை காட்டும் சம்பளச் சீட்டு இருந்தால், நான் முதலில் இணைக்கும் ஆவணம் அதுவாகத்தான் இருக்கும்.

மனுவை உங்கள் பகுதிக்குரிய தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை அலுவலருக்கு பதிவு வசதியும் ஒப்புகையும் சேர்த்து ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். திங்கட்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுப்பது நம்மூர் வழக்கம்; கொடுக்கலாம், ஆனால் அதுவும் இந்தத் துறைக்கே அனுப்பப்படும் என்பதால் நேராக அனுப்புவது சில நாட்களை மிச்சப்படுத்தும். “புகை வருகிறது” என்று பொதுவாக எழுதாமல், எந்த வேலை, எந்த நேரம், எத்தனை பேர், உறிஞ்சும் சாதனம் இல்லை என்று குறிப்பாக எழுதுங்கள். உங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உடல்நிலையைத் தள்ளிப்போடாதீர்கள். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அதன் மருந்தகத்திலும், இல்லையெனில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் நுரையீரல் செயல்திறன் பரிசோதனை செய்து, என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். தொழில்வழி நோய் என்று பின்னாளில் நிறுவுவதற்கு அந்த ஒரு வரியே பெரும் துணை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தும் அட்டை இல்லையென்றால், காண்டிராக்டரின் ஆட்களுக்கும் சேர்த்துச் சந்தா செலுத்தும் பொறுப்பு முதன்மை முதலாளியான உங்கள் பட்டறை உரிமையாளருடையது. இ.எஸ்.ஐ. பயன் கிடைக்கும் ஒருவர் அதே நோய்க்கு முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது என்பதையும் மறக்க வேண்டாம். தொழிலாளியின் உடல்நலம் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 1995இல் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தொழிலாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிய தீர்ப்பு, மனுவில் ஒரு வரியாக இடம்பெறத் தக்கது.

வழக்கறிஞர் கட்டணம் பற்றிக் கவலை வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, தொழிற்சாலைத் தொழிலாளருக்கு வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி தருகிறது; மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாகர்கோவிலில் அணுகலாம். மனு போனபின் முதலாளி வெற்றுத் தாளிலோ ராஜினாமா கடிதத்திலோ கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். வேலைக்கு வர வேண்டாம் என்று வாய்மொழியாகச் சொன்னால், அன்றே அதை எழுதி ஸ்பீட் போஸ்டில் அவருக்கு அனுப்பிவிட்டு, அதன் நகலுடன் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரைப் பாருங்கள்.