ஸ்கேன் ஒன்று, பில் இரண்டு: மெடிகேர் ஏற்கும் ரேடியாலஜிஸ்டைத் தேடுவது எப்படி?

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்கு 68 வயது. அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரில், அரசே நேரடியாக நடத்தும் 'ஒரிஜினல் மெடிகேர்' வகையில் பார்ட் ஏ (மருத்துவமனைச் செலவு), பார்ட் பி (டாக்டர், ஸ்கேன் செலவு) இரண்டும் இருக்கின்றன. துணைக் காப்பீடு இல்லை. போன வருடம் சி.டி. எடுத்தபோது சென்டர் கேட்டதைக் கட்டிவிட்டோம். இரண்டு மாதம் கழித்து, நாங்கள் முகம்கூடப் பார்க்காத ஒரு டாக்டர் பேரில் இன்னொரு பில் வந்தது. இப்போது முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எழுதியிருக்கிறார்கள். மெடிகேர் ஏற்கும் ரேடியாலஜிஸ்டை எப்படிப் பிடிப்பது சார்?

பதில்: நீங்கள் முகம் பார்க்காத அந்த டாக்டர்தான் ரேடியாலஜிஸ்ட். அம்மாவை மெஷினில் படுக்கவைத்துப் படம் எடுத்தவர் டெக்னாலஜிஸ்ட். ரேடியாலஜிஸ்ட் வேறு அறையில், சில சமயம் வேறு ஊரிலேயே உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறார். மெஷினுக்கும் இடத்துக்கும் ஒரு கட்டணம், வாசித்துச் சொன்னதற்கு இன்னொரு கட்டணம். இரண்டையும் ஒரே பில்லில் போடும் சென்டரும் உண்டு, தனித்தனியாக அனுப்பும் சென்டரும் உண்டு. ஆகவே இரண்டாவது பில் வந்ததாலேயே அதை மோசடி என்று சொல்லிவிட முடியாது.

டாக்டர் பெயரைத் தேடி அலைய வேண்டாம். சென்டரைத் தேர்ந்தெடுங்கள், படத்தை யார் வாசிப்பார் என்பது அதோடு முடிவாகிவிடும். போன் செய்து "மெடிகேர் எடுப்பீர்களா?" என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் "எடுப்போம்" என்றுதான் பதில் வரும். "நீங்களும், ரிப்போர்ட் எழுதும் டாக்டர் குழுவும் அசைன்மென்ட் ஏற்கிறீர்களா?" என்று கேளுங்கள். அசைன்மென்ட் என்றால், மெடிகேர் நிர்ணயித்த தொகையே முழுக் கட்டணம் என்று ஒப்புக்கொள்வது. குழுவின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாளைக்கு அந்தப் பெயரில் கடிதம் வந்தால் திகைக்க வேண்டியதில்லை.

கணக்கைப் பாருங்கள். வாசிப்புக்கு மெடிகேர் விலை 100 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அசைன்மென்ட் ஏற்பவரிடம் அம்மாவின் பங்கு 20 சதவீதம், அதாவது 20 டாலர். மெடிகேர் பட்டியலில் இருந்தும் 'நான்-பார்ட்டிசிபேட்டிங்' டாக்டராக, அதாவது எப்போதும் அசைன்மென்ட் ஏற்பதாக ஒப்பந்தம் செய்யாதவராக இருப்பவர், அதை ஏற்கவில்லை என்றால், அவருக்கு அடிப்படை விலை 95 டாலர். அதற்கு மேல் 15 சதவீதம் வரை கூடுதலாக வாங்கலாம். அம்மாவுக்கு 19 டாலரும் கூடுதல் 14.25 டாலரும் சேர்ந்து 33.25. ஒரு வாசிப்பில் இது சின்னத் தொகைதான், ஆனால் அடிக்கடி ஸ்கேன் எடுக்கும் வயது இது. இவற்றுக்கெல்லாம் முன்பாக பார்ட் பி-யின் வருடாந்தர டிடக்டிபிள் (காப்பீடு தரத் தொடங்குமுன் நாமே கட்ட வேண்டிய தொகை) வேறு இருக்கிறது. 2025-இல் அது 257 டாலராக இருந்தது. மெடிகேரை விட்டே விலகிய டாக்டர் என்றால் ஒரு சல்லிக்காசும் திரும்பாது. ரேடியாலஜிஸ்டுகளில் அப்படிப்பட்டவர்கள் அபூர்வம்.

மருத்துவமனைக்கு வெளியே இருக்கும் சென்டர் என்றால் மெடிகேர் ஒப்புக்கொள்ளும் தர அங்கீகாரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். 2012 ஜனவரி 1 முதல், அது இல்லாத இடத்தில் எடுக்கும் எம்.ஆர்.ஐ., சி.டி., பெட் ஸ்கேன்களின் மெஷின் கட்டணத்தை மெடிகேர் தருவதில்லை. பெண்களுக்கு இன்னொன்று: வருடாந்தர ஸ்க்ரீனிங் மேமோகிராம் (அறிகுறி இல்லாதபோதே எடுக்கும் மார்பக எக்ஸ்ரே) அசைன்மென்ட் ஏற்கும் இடத்தில் இலவசம். அதையே டாக்டர் 'டயக்னாஸ்டிக்' (சந்தேகத்தின் பேரில் செய்யும் பரிசோதனை) என்று எழுதினால் 20 சதவீதம் வந்துவிடும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது எம்.ஆர்.ஐ. அல்ல, துணைக் காப்பீடு இல்லாததுதான். ஒரிஜினல் மெடிகேரில் அந்த 20 சதவீதத்துக்கு உச்சவரம்பே கிடையாது. 65 வயதுக்குப் பிறகு பார்ட் பி தொடங்கிய முதல் ஆறு மாதத்துக்குள் மெடிகேப் (தனியார் நிறுவனங்கள் விற்கும் துணைக் காப்பீடு) கேட்டால், உடல்நிலையைக் காட்டி மறுக்க முடியாது. அது கடந்திருந்தால் பெரும்பாலான மாநிலங்களில் உடல்நிலையைக் கேட்பார்கள். இருந்தும் விசாரியுங்கள். மெடிகேப் வகைகளில் ஒன்றான பிளான் ஜி அந்த 20 சதவீதத்தையும் கூடுதல் 15 சதவீதத்தையும் சுமக்கும், டிடக்டிபிளை மட்டும் சுமக்காது. அம்மாவின் வருமானம் குறைவு என்றால் மாநில அலுவலகத்தில் கியூ.எம்.பி. (குறைந்த வருமானமுள்ள மெடிகேர்காரர்களுக்கான உதவி) திட்டத்தைக் கேளுங்கள், அதில் இருப்பவரிடம் டாக்டர்கள் இந்தப் பங்கை வசூலிக்கவே கூடாது.

போன வருட பில்லுக்கு வருவோம். மெடிகேரிலிருந்து அம்மாவுக்கு ஒரு சுருக்க அறிக்கை தபாலில் வந்திருக்கும். 'இது பில் அல்ல' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பார்கள். பலர் அந்த வரியைப் பார்த்ததும் குப்பையில் போட்டுவிடுகிறார்கள்! அதைத் தேடி எடுங்கள். உங்களிடம் அதிகபட்சம் எவ்வளவு கேட்கலாம் என்று அதில் அச்சிட்டிருக்கும். டாக்டரின் பில் அதைவிட அதிகமாக இருந்தால், பணத்தைக் கட்டுவதற்கு முன் அந்த அலுவலகத்தைக் கூப்பிட்டு இந்த அறிக்கையைச் சொல்லுங்கள். மெடிகேரே பணம் தர மறுத்திருந்தால், அறிக்கை கைக்கு வந்து 120 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.