தண்ணீருக்குள் கேட்கும் எஞ்சின்

அன்புள்ள ஐயா,

கூடுதல் பரிமாணங்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஒளி நம் மூன்று பரிமாண உலகத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், ஈர்ப்பு மட்டும் நான்காவது பரிமாணத்துக்குள் இறங்கிப் போகலாம் என்று ஒரு கோட்பாடு சொல்வதாக எழுதியிருந்தீர்கள். என் அம்மா பாம்பனில் பாசி எடுக்கப் போகிறவர். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கியிருக்கும்போது தூரத்து மீன்பிடி வல்லத்தின் எஞ்சின் சத்தம் கேட்கும், தலையைத் தூக்கினால் கேட்காது என்பார். மேலே இருப்பவருக்கு முன்பே கீழே இருப்பவருக்குச் செய்தி வந்துவிடுகிறது. அதுபோல ஈர்ப்பின் வழியாக ஒளியை முந்திச் செய்தி அனுப்ப முடியாதா? இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் கேட்டேன், சிரித்துவிட்டார்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)
பாம்பன்

அன்புள்ள தங்கைக்கு,

சிரித்தவர்களை விடுங்கள். இதே கேள்விக்குக் கணக்குப் போட்டு ஆய்விதழ்களில் எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் அம்மா சொன்னதை நீங்கள் கொஞ்சம் திருத்திவிட்டீர்கள். கேட்கிறது, கேட்கவில்லை என்றுதான் அவர் சொன்னார். முன்னால், பின்னால் என்று ஆக்கியது நீங்கள். எஞ்சின் சத்தம் விடாமல் வருவது. அதில் எது முந்தியது என்று யாருக்கும் தெரியாது. கடல்நீரில் ஒலி நொடிக்கு சுமார் 1,500 மீட்டர் போகிறது, காற்றில் 350 மீட்டர் என்பது உண்மைதான். ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரே ஒரு வெடி வெடித்தால் தண்ணீருக்குள் முக்கால் நொடிக்குள் வந்துவிடும், காற்றில் வர ஏறக்குறைய மூன்று நொடி ஆகும். அம்மாவுக்கு உதவுவது இந்த வேகம் இல்லை. மேலே வருகிற சத்தத்தைக் கச்சான் காற்றும் அலையும் தின்றுவிடுகின்றன. கீழே அது அவ்வளவாகத் தேயாமல் வருகிறது.

ஏன் அவ்வளவாகத் தேயவில்லை? நான்கைந்து பாக (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழக் கடலில் ஒலிக்கு மேலே போக வழியில்லை, கீழேயும் தரை. பக்கவாட்டில் மட்டும் பரவுகிறது. தூரம் இரட்டித்தால் ஒலியின் வலு பாதியாகும். எல்லாத் திசையிலும் பரவ இடம் இருந்தால் கால்வாசியாகிவிடும். (தரைச் சேறு கொஞ்சம் உறிஞ்சும், அதை இப்போது விட்டுவிடுவோம்.) அதாவது ஒலி எத்தனை பரிமாணத்தில் பரவுகிறது என்பது அதன் தேய்மானத்தில் தெரிகிறது. அம்மா கடலுக்குள் இருந்துகொண்டு பரிமாணத்தை எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று சொன்னால் மிகையாகாது.

நான்காவது இடப் பரிமாணம் ஒன்று அகலத் திறந்திருந்தால், அதற்குள் கசியும் ஈர்ப்பலையின் வலு தூரம் இரட்டிக்கும்போது எட்டில் ஒரு பங்காகிவிடும். உங்கள் கேள்விக்கு நேர் பதில் தேடுமுன் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முந்துதல். கடல் உவமை இங்கே கொஞ்சம் வழி தவறச் செய்கிறது. தண்ணீர் ஒலிக்கு வேகமான ஊடகம். கோட்பாடு சொல்வது வேகமான ஊடகத்தை அல்ல, குறுக்கு வழியை. நான் தேவிபட்டினத்துக்காரன். எங்கள் ஊரிலிருந்து ராமேஸ்வரத்துக்குச் சாலையில் போனால் ராமநாதபுரம், மண்டபம், பாம்பன் என்று சுற்ற வேண்டும். அதே வேகத்தில் வல்லம் ஒன்று வடகடலில் நேராகக் கிளம்பினால் முன்பே போய்ச் சேரும். பஸ்ஸை விட வேகம் ஒன்றும் கூடவில்லை. நம் உலகம் அந்தச் சாலைபோல வளைந்திருந்தால், ஈர்ப்பு வெளியே இறங்கிக் குறுக்கே போய் முந்தலாம். கூடுதல் பரிமாணத்தையும் சேர்த்த முழுவெளியில் அதன் வேகம் ஒளியின் வேகத்தைத் தாண்டுவதில்லை. நமக்குத்தான் தாண்டியதுபோலத் தெரியும்.

நடக்கிறதா? 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பலையை அமெரிக்காவின் லைகோ, இத்தாலியின் விர்கோ ஆய்வகங்கள் பதிவு செய்தன. 1.7 நொடி கழித்து ஃபெர்மி செயற்கைக்கோளில் ஒளியின் ஒரு வகையான காமா கதிர் விழுந்தது. இரண்டும் வந்த தூரம் சுமார் 13 கோடி ஒளியாண்டு. பார்த்தீர்களா, ஈர்ப்பு முந்திவிட்டது என்று குதிக்காதீர்கள். மோதிய பிறகு கதிர் பீறிட்டு வெளியேறவே நேரம் பிடிக்கும். ஒரு கிலோமீட்டரில் பாம்பன் கடல் இரண்டு நொடிக்கு மேல் வித்தியாசம் காட்டுகிறது. 13 கோடி ஒளியாண்டு அதைவிடக் குறைவாகக் காட்டியது. அந்த அலையின் வலுவும் மூன்று பரிமாணத்தில் எவ்வளவு தேய வேண்டுமோ அவ்வளவே தேய்ந்திருந்தது. கசிவு தெரியவில்லை. எனக்கு 1.7 நொடியை விட இந்தத் தேய்மானக் கணக்குதான் பெரிதாகப் படுகிறது.

கூடுதல் பரிமாணம் மிகச் சிறியதாகச் சுருண்டிருக்கலாம் என்ற பழைய யோசனை, கணிதவியலாளர் கலூசா 1921இல் கூடுதல் பரிமாணத்தை எழுத, இயற்பியலாளர் க்ளைன் 1926இல் அதைச் சுருட்டியது, வேறு கதை. தூரத்திலிருந்து வெறும் கோடாகத் தெரியும் வடத்தின் மேல் போகும் எறும்பை எல்லாரும் உவமை சொல்வார்கள், பாதியில் நிறுத்திவிடுவார்கள். எறும்பு வடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தால் கால் வேகம் குறையாது, ஆனால் முன்னேறும் வேகம் குறைந்துவிடும். சுருண்ட பரிமாணத்தில் சுற்றிக்கொண்டு வரும் அலையும் அப்படியே. நம் கண்ணுக்கு அது நிறையுள்ள துகளாகத் தெரியும், ஒளிக்குப் பின்னால்தான் வந்து சேரும். நீங்கள் தேடிய முந்தலுக்கு நேர் எதிர்!

இன்னொன்று. மூன்று பரிமாணத்தில் கைதட்டினால் ஓசை உங்களைக் கடந்ததும் முடிந்துவிடும். இடப் பரிமாணம் இரண்டாகவோ நான்காகவோ இருந்தால் வால் நீளும். அலை கடந்த பின்னும் மிச்சம் வந்துகொண்டே இருக்கும். ஐந்தில் மறுபடி வெட்டு விழும். ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று இப்படி மாறுவதற்கு எளிய விளக்கம் ஒன்றும் என்னிடம் இல்லை. கணக்கைப் போட்டால் அப்படித்தான் வருகிறது. குளத்தில் கல்லெறிந்து வளையங்களைக் காட்டி இதை விளக்குபவர்களை நம்பாதீர்கள். அங்கே நீளமான அலையும் குட்டையான அலையும் வெவ்வேறு வேகத்தில் போவதும் வளையத்துக்குக் காரணம்.

காற்று விழுந்த ஒரு காலையில் வடகடல் பக்கம் போங்கள். முந்நூறு மீட்டர் தள்ளி நிற்கும் வல்லத்திலிருந்து யாரையாவது தண்ணீருக்குள் இறங்கிய இரும்புக் கம்பியில் ஓங்கி ஒரு முறை தட்டச் சொல்லுங்கள். ஒரு காதை நீருக்குள்ளும் ஒரு காதை வெளியேயும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டு இரண்டாகக் கேட்க வேண்டும், நடுவே முக்கால் நொடிக்குச் சற்றுக் குறைய. எந்தத் தட்டு உரக்கக் கேட்டது என்பதையும் குறித்து எழுதுங்கள். அம்மாவையும் கேட்கச் சொல்லுங்கள். அவருக்குப் பழகிய காது.