சர்வீஸ் கடைக்குப் போய் வந்த லேப்டாப்பில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று வருகிறது. புது லைசென்ஸ் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். கடையில் பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டிருப்பீர்கள், "பழைய ஹார்ட் டிஸ்க்கோட லைசென்ஸும் போயிடுச்சு" என்று சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அதையேதான் சொன்னார்கள். அது தவறு.

நான் வீட்டிலிருந்தே நான்கு கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன். 2019 ஜூனில் வாங்கிய லேப்டாப். 2022 வாக்கில் ஆன் ஆவதற்கே ஐந்து நிமிடம் எடுத்தது. பக்கத்துத் தெருக் கடையில் எஸ்எஸ்டி மாற்றி, விண்டோஸும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். வேகம் நன்றாகத்தான் இருந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆறு மாதம் கழித்துத் திரையின் வலது கீழ் மூலையில் அந்தச் சாம்பல் நிற எழுத்து வந்து நின்றது. டேலியை, அதாவது நான் கணக்கு எழுதும் விண்டோஸ் மென்பொருளை, திறந்தாலும் அதன் மேலேயே தெரியும். திரும்பக் கொண்டுபோனேன். ரூ.700 வாங்கிக்கொண்டு பத்து நிமிடத்தில் சரி செய்தார்கள். அடுத்த ஆறு மாதத்தில் மறுபடியும் அதே எழுத்து. இந்த முறை, ஒரிஜினல் லைசென்ஸ் போய்விட்டது, புதிதாக வாங்க ரூ.4,500 ஆகும் என்றார்கள்.

ஏன் போனது என்று கேட்டேன். "அக்கா, அது டெக்னிக்கல், சார் வந்தா சொல்றேன்" என்றார் அந்தத் தம்பி. சார் என்றது என் கணவரை. அவருக்கு லேப்டாப்பைத் திறந்து மெயில் பார்ப்பதோடு சரி. கணக்கு எழுதுவது நான், அந்த லேப்டாப்புக்குப் பணம் கொடுத்ததும் நான். இன்வெர்ட்டர் வாங்கப் போனாலும் இதே கதைதான், டைல்ஸ் கடையிலும் இதேதான். கேள்வி கேட்பது நானாக இருக்கும், பதில் எனக்குப் பின்னால் நிற்பவருக்குப் போகும். உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் அன்று கடையில் லேப்டாப்பை விடாமல் நான் திரும்பி வந்ததற்கு அந்த ஒரு வார்த்தைதான் காரணம்.

வீட்டுக்கு வந்து, ரசீதெல்லாம் போட்டு வைக்கும் பிஸ்கட் டப்பாவைத் துழாவி 2019 பில்லை எடுத்தேன். மை பாதி மங்கியிருந்தது. மாடல் எண்ணுக்குக் கீழே 'வின்10 ஹோம் எஸ்எல்' என்று இருந்தது. எஸ்எல் என்றால் சிங்கிள் லாங்வேஜ், ஒரே மொழியில் வரும் ஹோம் பதிப்பு. ஆனால் லேப்டாப்பில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போய்ப் பார்த்தால் 'விண்டோஸ் 10 புரோ' என்று வேறொரு பதிப்பு இருக்கிறது. எல்லாக் குழப்பமும் இந்த இரண்டு வரிக்கு நடுவில்தான்.

விண்டோஸ் 7 காலத்தில் லைசென்ஸுக்கான 25 எழுத்துக் கீயை லேப்டாப்பின் அடியில் ஸ்டிக்கராக ஒட்டியிருப்பார்கள். 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, விண்டோஸோடு விற்கும் லேப்டாப்களில் அந்தக் கீயை மதர்போர்டில் (லேப்டாப்பின் முக்கிய சர்க்யூட் பலகை) உள்ள பயோஸ் சிப்பிலேயே எழுதி அனுப்புகிறார்கள். ஹார்ட் டிஸ்க்கை எத்தனை முறை மாற்றினாலும் அது அங்கேயேதான் இருக்கும். ஆனால் எந்தப் பதிப்புக்கான கீயோ அந்தப் பதிப்பைத்தான் அது ஆக்டிவேட் செய்யும். கடையில் எல்லோருக்கும் போடும் பென் டிரைவில் இருந்தது புரோ. ஹோம் கீ புரோவுக்குச் செல்லாது. அதனால் கிராக், அதாவது லைசென்ஸ் இல்லாமலே ஆக்டிவேட் ஆனதுபோல் ஏமாற்றும் மென்பொருள், போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தக் கிராக் செய்வது இதுதான். பெரிய நிறுவனங்கள் தங்கள் கம்ப்யூட்டர்களை ஆக்டிவேட் செய்ய கேஎம்எஸ் என்ற சர்வரை வைத்திருக்கும். அதில் கிடைப்பது 180 நாள் அனுமதி. அந்த சர்வரோடு அவ்வப்போது தொடர்பு கொண்டு புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். கிராக் அப்படி ஒரு சர்வர் இருப்பதாக விண்டோஸை நம்ப வைக்கிறது. அது வேலை செய்யாமல் நின்றுவிட்டால் 180 நாளில் கெடு முடியும். எனக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தது அதனால்தான். கட்டளைகளை டைப் செய்யும் கறுப்புத் திரையான கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, எஸ்எல்எம்ஜிஆர் என்று அடித்து, ஒரு இடம் விட்டு, சாய்கோடு போட்டு, டிஎல்வி என்று கொடுங்கள் (slmgr /dlv). வரும் பெட்டியில் வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட் என்று இருந்தால் உங்களுக்கும் இதே கதைதான். ஓஇஎம், அதாவது லேப்டாப்போடு வந்த லைசென்ஸ், என்று இருக்க வேண்டும்.

எனக்கு வயிறு கலங்கியது அதற்கப்புறம்தான். விண்டோஸ் செக்யூரிட்டியில், வைரஸ் தேட வேண்டாம் என்று விலக்கி வைத்த பட்டியலில் சி டிரைவ் முழுவதும் இருந்தது. கிராக்கைப் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக இரண்டாம் முறை செய்திருக்கிறார்கள். அந்த சி டிரைவில்தான் நான்கு குடும்பங்களின் வியாபாரக் கணக்கு, பான் எண்கள், வங்கி விவரங்கள் எல்லாம் இருந்தன.

சரி, தீர்வுக்கு வருகிறேன். புரோவிலிருந்து ஹோமுக்கு இறங்க, சுத்தமாக அழித்துவிட்டுத்தான் போட வேண்டும். டேலி டேட்டா, படங்கள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் எடுத்து, அது திறக்கிறதா என்று இன்னொரு கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டேன். இதை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூல் இறக்கி, 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸைத் தயார் செய்தேன், அதற்குக் காசு கிடையாது. அந்தப் பென் டிரைவிலிருந்து ஆன் செய்து இன்ஸ்டால் செய்தபோது கீயும் கேட்கவில்லை, எந்தப் பதிப்பு என்றும் கேட்கவில்லை. பயோஸில் இருந்ததை அதுவே எடுத்துக்கொண்டது. வைஃபை போட்டதும் ஆக்டிவேஷன் பக்கத்தில் 'ஹோம் சிங்கிள் லாங்வேஜ்', பக்கத்திலேயே டிஜிட்டல் லைசென்ஸோடு ஆக்டிவேட் ஆகிவிட்டது என்ற வரி. இரவு பதினொன்றரை மணி. தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிக் காட்டினேன். பிறகு அதே லேப்டாப்பில் விண்டோஸ் 11க்கும் மாறினேன், அப்போதும் கீ கேட்கவில்லை.

விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் போடலாமே என்பவர்களுக்கு, என் தொழில் டேலியில் ஓடுகிறது, அதனால் போடவில்லை. ஆக்டிவேட் ஆகாவிட்டாலும் விண்டோஸ் ஓடும், வால்பேப்பர்தான் மாற்ற முடியாது என்பார்கள். உண்மைதான். ஆனால் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய பொருளை நான் ஏன் அரைகுறையாக வைத்துக்கொள்ள வேண்டும்? எல்லாக் கடைக்காரர்களும் இப்படி என்றும் நான் சொல்லவில்லை.

உங்கள் லேப்டாப் விண்டோஸ் இல்லாமல் விற்ற மாடல் என்றாலோ, மதர்போர்டையே மாற்றியிருந்தாலோ நான் சொன்னது பொருந்தாது. பில்லைத் தேடி எடுத்து, அதில் என்ன பதிப்பு போட்டிருக்கிறது, டிஎல்வி பெட்டியில் என்ன வருகிறது, இரண்டையும் கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை கடைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.