சண்டையைச் சபைக்கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்: ஒரு பாப்டிஸ்ட் போதகரின் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சபைச் சண்டைதான். ஞானஸ்நானத்தில் ஆரம்பித்து நிலப்பத்திரம் வரை போயிருக்கிறது. பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் யாருடைய பெயரும் ஊரும் போடவில்லை. பாப்டிஸ்ட் சபைகளின் பொது நிலை எது, என் சொந்த அபிப்பிராயம் எது என்பதைப் பிரித்தே சொல்கிறேன். இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

கேள்வி: நான் சிஎஸ்ஐ குடும்பத்துப் பெண். குழந்தையில் ஞானஸ்நானம், பள்ளிக்கூடம் படிக்கும்போது திடப்படுத்தல், எல்லாம் ஆயிற்று. கல்யாணத்துக்குப் பிறகு கணவரோடு பாப்டிஸ்ட் சபைக்குப் போகிறேன். அங்கத்தினராகவேண்டுமானால் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கவேண்டும் என்கிறார்கள். அப்பாவிடம் சொன்னேன். "அப்போ நான் உனக்குச் செய்தது பொய்யா?" என்று கேட்டவர், அதற்குப் பிறகு ஃபோனையே எடுப்பதில்லை. என்ன செய்வது பாஸ்டர்?

பதில்: முதலில் ஊருக்குப் போய் அப்பாவைப் பாருங்கள் அம்மா. ஞானஸ்நானத் தொட்டி எங்கும் ஓடிவிடாது.

தன் விசுவாசத்தைத் தானே வாய்திறந்து அறிக்கையிட்டவருக்குத்தான் ஞானஸ்நானம் என்பது எங்கள் உபதேசம். அதனால் குழந்தையில் நடந்ததை நாங்கள் ஞானஸ்நானமாகக் கணக்கில் எடுப்பதில்லை. நானும் அப்படித்தான் நம்புகிறேன், அப்பா கோபப்படுகிறார் என்பதற்காக இதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் அப்பா செய்தது பொய் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. அவர் உங்களை ஆண்டவருக்கென்று ஒப்புக்கொடுத்தார். எங்கள் சபையிலும் பெற்றோர் குழந்தையைக் கொண்டுவந்து பிரதிஷ்டை செய்கிறார்கள், தண்ணீர்தான் இல்லை. இதை அவரிடம் நேரில் சொல்லுங்கள், உங்கள் மூப்பரையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

உங்கள் நிலைமை புதிதும் அல்ல. பர்மாவுக்குப் போன அதோனிராம் ஜட்சன் 1812-ல் அமெரிக்காவிலிருந்து கப்பல் ஏறும்போது குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கும் சபைக்காரர். வங்காளத்தில் வில்லியம் கேரி முதலான பாப்டிஸ்டுகளைச் சந்திக்கவேண்டியிருக்குமே, அவர்களோடு வாதாடவேண்டுமே என்று கப்பலிலேயே வேதத்தை எடுத்துவைத்துப் படித்தார். படித்ததில் அவர் மனசுதான் மாறியது. மனைவி ஆன் முதலில் சம்மதிக்கவே இல்லை, அப்புறம் அவரும் தாமாகவே ஆராய்ந்து அதே முடிவுக்கு வந்தார். அந்த வருஷம் செப்டம்பரில் கல்கத்தாவில் இரண்டு பேருக்கும் முழுக்கு ஞானஸ்நானம். தங்களை அனுப்பிய மிஷனுக்கு ராஜினாமாக் கடிதமும் போனது, அதாவது வருமானமும் போனது. அப்படித் தானாக உறுதிப்பட்டால் எடுங்கள். மெம்பர்ஷிப் கார்டுக்காக எடுக்காதீர்கள்.

எங்கள் சபையில் தொட்டி பிரசங்க மேடைக்கு அடியில் இருக்கிறது. ஞானஸ்நானம் என்றால் சனிக்கிழமை ராத்திரியே மேடைப் பலகைகளைத் தூக்கி அடுக்கிவிட்டு, லாரித் தண்ணீர் விட்டு நிரப்புவோம். மார்கழி மாதம் என்றால் இறங்குகிறவருக்குப் பல் கிட்டிக்கொள்ளும். இதற்கெல்லாம் முன்னாலேயே ஆளைத் தனியாகக் கூப்பிட்டு "ஏன் எடுக்கிறாய்?" என்று கேட்பேன். "மாமியார் வீட்டில் சொன்னாங்க" என்பது மட்டும்தான் பதில் என்றால் லாரிக்குச் சொல்வதில்லை.

அதுவரை அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தில் பங்கெடுக்கலாமா என்றால், பாப்டிஸ்டுகளே இதில் முந்நூற்றைம்பது வருஷமாக அடித்துக்கொள்கிறார்கள். நம் கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்துக்கு மூலக்கதை கொடுத்தவர் ஜான் பனியன். அவர் 1670-களில், தண்ணீர் விஷயத்தில் கருத்து வேறாக இருப்பதற்காக ஒரு விசுவாசியைப் பந்தியிலிருந்து தள்ளக்கூடாது என்று எழுதினார். லண்டனில் பாப்டிஸ்ட் போதகர் வில்லியம் கிஃபின் கூடவே கூடாது என்று எதிர்த்து எழுதினார். வங்காளத்துச் சேராம்பூரில் கேரியின் கூட்டமே சில காலம் முழுக்கு எடுக்காதவர்களுக்கும் பந்தியைத் திறந்துவைத்து, பிறகு மூடியது. நான் பனியன் கட்சி. உங்கள் சபை எந்தக் கட்சி என்று உங்கள் போதகரிடம் கேளுங்கள், அவர் சொல்வதற்குக் கட்டுப்படுங்கள்.

கேள்வி: எங்கள் வாலிபர் கூட்டத்தில் பாதிப் பேர் யூடியூபில் பிரசங்கம் கேட்டுக் கேட்டுக் கால்வினிஸ்ட் ஆகிவிட்டோம். யார் இரட்சிக்கப்படுவார்கள் என்று தேவன் முன்பே தீர்மானித்துவிட்டார் என்கிற முன்குறித்தலைப் பற்றி வாரம் ஒருநாள் படிக்க ஆரம்பித்தோம். பாஸ்டர் "இது பாப்டிஸ்ட் உபதேசமே இல்லை" என்று நிறுத்திவிட்டார். உண்மையா?

பதில்: இல்லை. ஆனால் நீங்கள் ஜெயித்துவிட்டதாகவும் நினைக்கவேண்டாம்.

பாப்டிஸ்டுகள் ஆரம்பத்திலிருந்தே இரண்டு கட்சிதான். 1609-ல் ஆம்ஸ்டர்டாமில் ஜான் ஸ்மித் தொடங்கிய கூட்டத்திலிருந்து தாமஸ் ஹெல்விஸ் ஒரு பகுதியைக் கூட்டிக்கொண்டு லண்டனுக்குத் திரும்பினார். கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார் என்பது அவர்கள் கட்சி. ராஜாவுக்கு மனுஷருடைய ஆத்துமாவின்மேல் அதிகாரமில்லை என்று ஜேம்ஸ் ராஜாவுக்கே எழுதி, ஹெல்விஸ் நியூகேட் சிறைக்குப் போனார். இன்னொரு கட்சி, அதாவது நீங்கள் சொல்கிற கால்வினிஸ்ட் கட்சி, 1630-களில் வந்தது, தேவனால் தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்காகவே மரித்தார் என்பார்கள். 1644-ல் லண்டனில் ஏழு சபைகள் சேர்ந்து வெளியிட்ட விசுவாச அறிக்கை இவர்களுடையது. கேரி இந்த இரண்டாவது கட்சிக்காரர். லண்டனில் பேர்பெற்ற பிரசங்கியார் ஸ்பர்ஜனும் அப்படியே. ஆகவே உங்கள் பாஸ்டர் சொன்னது சரித்திரத்தில் நிற்காது.

இப்போது உங்களுக்கு. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்த இரண்டாவது கட்சிக்குள்ளேயே சிலர், தெரிந்துகொள்ளப்பட்டவன் தானாக வருவான், பாவியைப் பார்த்து "வா" என்று கூப்பிடுவதே தப்பு என்கிற அளவுக்குப் போனார்கள். இங்கிலாந்தில் கெட்டரிங் ஊர்ப் போதகர் ஆண்ட்ரூ ஃபுல்லர் 1785-ல் அதை உடைத்து எழுதினார். ஏழு வருஷம் கழித்து அதே கெட்டரிங்கில் மிஷன் சங்கம் பிறந்தது, 1793-ல் கேரி இந்தியாவுக்கு வந்துசேர்ந்தார். அந்த உபதேசத்தைப் பிடித்தவர்கள் கப்பல் ஏறினார்கள். நீங்கள் அதைப் பிடித்தபின் முப்பது வருஷமாக ஞாயிறு பள்ளி நடத்தும் அக்காவிடம் போய் கால்வினிசத்தின் ஐந்து பாயிண்டுக்கும் வசனம் கேட்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியிலேயே பெருமையாக எழுதியிருக்கிறீர்கள் தம்பி. அதை நிறுத்துங்கள்.

உங்கள் பாஸ்டர் இதைப் படிப்பார் என்றால் அவருக்கும் ஒன்று. படிப்பை நிறுத்தினால் அது வாட்ஸ்அப்பில் நடக்கும், அங்கே உங்களுக்கு இடமில்லை. சபை ஹாலிலேயே நடத்தச் சொல்லுங்கள், நீங்களும் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். தெரிந்துகொள்ளுதலைப் பேசும் ரோமர் ஒன்பதாம் அதிகாரத்தை, எல்லாரையும் கூப்பிடும் பத்தாம் அதிகாரத்தோடு சேர்த்து எடுங்கள்.

கேள்வி: பாப்டிஸ்ட் சபையில் பெண்கள் பிரசங்கிக்கலாமா, கூடாதா? ஒரே வரியில் பதில் வேண்டும்.

பதில்: எந்தச் சபை என்று கேட்பதுதான் ஒரே வரிப் பதில். இங்கிலாந்துப் பாப்டிஸ்டுகளிடம் ஏறக்குறைய நூறு வருஷமாகப் பெண் போதகர்கள் உண்டு. அமெரிக்கச் சதர்ன் பாப்டிஸ்டுகளோ பெண் போதகரை வைத்ததற்காகவே 2023-ல் தங்களுடைய மிகப் பெரிய சபைகளில் ஒன்றை வெளியேற்றினார்கள்.

நம் பக்கத்தில் கொல்லிமலைக்குப் போய்ப் பாருங்கள். ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெசி பிராண்ட் 1929-ல் காய்ச்சலில் இறந்தார். மனைவி ஈவ்லின் ஊழியத்தை விடவில்லை. வயதாகிவிட்டது என்று மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் தம் பொறுப்பில் மலைக்குப் போய், கிராமம் கிராமமாகச் சுவிசேஷம் சொன்னார். 1974-ல் 95 வயதில் இறக்கும்வரை அதுதான் வேலை. வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச்சிகிச்சை செய்து பேர்பெற்ற பால் பிராண்ட் இவர் மகன். ஈவ்லின் மலையில் செய்தது பிரசங்கமா, சாட்சியா என்று தீர்மானிக்கக் கமிட்டி போடுகிறவர்கள் போடட்டும். என் சபையில் பெண்கள் பிரசங்கிக்கிறார்கள். ஓட்டு எடுத்துத்தான் அந்த முடிவுக்கு வந்தோம், எதிர்த்து ஓட்டுப்போட்டவர்கள் இன்னும் சபையில் இருக்கிறார்கள்.

கேள்வி: சபை நிலம் யார் பேரில் இருக்கிறது என்று பொருளாளரிடம் கேட்டேன். "ஊழியக்காரனைச் சந்தேகப்படுகிறாயா" என்று பாஸ்டரின் மைத்துனர் எகிறுகிறார். சபை இரண்டாகி நிற்கிறது. ஒரு சாரார் கோர்ட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். விசுவாசிகள் கோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் கோர்ட்டுக்குப் போகக்கூடாது என்கிற 1 கொரிந்தியர் 6 உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கணக்கை மறைக்கிறவர்கள்தான் அந்த அதிகாரத்தை அதிகமாக மேற்கோள் காட்டுகிறார்கள் என்பது என் அனுபவம்.

எங்களுக்குப் பேராயர் கிடையாது. மேலே மனு போட ஆள் இல்லை. அந்த இடத்தில் சபைக்கூட்டம் இருக்கிறது, அது நடக்காத சபை பெயர்ப்பலகையில் மட்டும்தான் பாப்டிஸ்ட். அப்போஸ்தலர் 6-ல் கைம்பெண்களுக்குச் சாப்பாடு சரியாகப் போகவில்லை என்று முறுமுறுப்பு வந்தபோது, "எங்களையா சந்தேகப்படுகிறீர்கள்" என்று அப்போஸ்தலர்கள் கேட்கவில்லை. எல்லாரையும் கூட்டினார்கள், ஆள் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள், பொறுப்பைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

முதலில் கிரயப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். தரவில்லை என்றால் சர்வே எண்ணை வைத்துப் பத்திரப்பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதைப் பார்ப்பது வழக்குப் போடுவது ஆகாது, யாருக்கும் துரோகமும் ஆகாது. உங்கள் சபை தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் பதிவானது என்றால் வருஷாந்தரப் பொதுக்கூட்டமும் தணிக்கை செய்த கணக்கும் சட்டப்படியே வேண்டும், போதகரின் தயவு தேவையில்லை. அப்புறம் எழுத்தில் கூட்டம் கேளுங்கள், கையெழுத்தோடு. கூட்டத்தில் பேசுவதை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள், அடுத்த கூட்டத்தில் அதை வாசிக்கச் சொல்லுங்கள். சத்தம் போட்டவர்கள் பலரும் தாங்கள் சொன்னது வாசிக்கப்படும்போது தலையைக் குனிந்துகொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

நிலம் போதகரின் சொந்தப் பேரில் இருப்பதாகத் தெரிந்தால்? திருட்டு என்று உடனே முடிவுகட்டாதீர்கள். வாங்கும்போது சபை பதிவாகாமல் இருந்திருக்கலாம், அவசரத்தில் அவர் பேரில் எழுதியிருக்கலாம். அப்படி நிறைய நடந்திருக்கிறது. சபை பேருக்கு மாற்றித் தரச் சொல்லி, தேதி குறித்துத் தீர்மானம் போடுங்கள். நேர்மையான மனுஷர் என்றால் அவருக்கே அது பாரம் இறங்கின மாதிரி இருக்கும். அவர் செத்த பிறகு பிள்ளைகள் வந்து நிற்பார்கள், அப்போது கோர்ட்டைத் தவிர வேறு வழி இருக்காது. கூட்டமும் மறுக்கப்பட்டு, பத்திரமும் மறைக்கப்பட்டால் வக்கீலைப் பாருங்கள். சபைச் சொத்து காணிக்கை போட்ட எல்லாருடையது, அதை விட்டுக்கொடுக்கிற உரிமை உங்களுக்கு இல்லை.

கேள்வி: சபையை விட்டுப் போகிறவர்கள் சாபத்துக்குள்ளாவார்கள் என்று எங்கள் போதகர் மேடையில் சொல்கிறார். நாங்கள் போக முடிவு செய்துவிட்டோம். பயமாக இருக்கிறது.

பதில்: அப்போஸ்தலர் பவுலும் பர்னபாவும் உடன் ஊழியன் மாற்குவைக் கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்று சண்டை போட்டுப் பிரிந்தார்கள். யாரும் யாரையும் சபிக்கவில்லை. பின்னாளில் அதே மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா என்று பவுலே தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்.

ஆனால் எதற்காகப் பிரிகிறீர்கள் என்பதைப் பாருங்கள். ஸ்பர்ஜன் 1887-ல் இங்கிலாந்துச் சபைகளின் கூட்டமைப்பான பாப்டிஸ்ட் யூனியனை விட்டு விலகினார், உபதேசம் தளர்ந்துபோகிறது என்று தம் பத்திரிகையில் எல்லாரும் படிக்க எழுதிவிட்டு விலகினார். அவர் செய்தது சரியா என்று இன்றைக்கும் விவாதம் உண்டு, காரணம் என்ன என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அமெரிக்காவில் 1845-ல் தெற்கத்திய பாப்டிஸ்டுகள் பிரிந்தது அடிமைகளை வைத்திருப்பவரை மிஷனரியாக அனுப்பலாமா என்கிற சண்டையில். அனுப்பலாம் என்று நின்றவர்கள் தனிச் சங்கம் கண்டார்கள், நூற்றைம்பது வருஷம் கழித்து 1995-ல்தான் மன்னிப்புக் கேட்டார்கள். அதுவரைக்கும் வசனம் காட்டியே நியாயப்படுத்தியவர்களும் இருந்தார்கள்.

உங்கள் காரணத்தை ஒரு தாளில் எழுதி, போதகரிடம் கையில் கொடுங்கள், ஒரு நகல் செயலரிடம். அதற்கு முன்னால் பத்து வீட்டுக்கு ஃபோன் போடாதீர்கள். பாக்கி வைத்த சந்தா இருந்தால் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஊரெல்லாம் அதைத்தான் பேசுவார்கள்.