ஊட்டி ரயில் பெட்டி வளைவுல தடம் இறங்குதா? பதில்

ப்ரோ, ஊட்டி ரயில் பெட்டி மாடலை 1:87ல (நிஜத்துல 87ல ஒரு பங்கு) 3டி பிரிண்ட் போட்டு 9 மிமீ தண்டவாளத்துக்கான போகி (பெட்டிக்கு அடியில திரும்புற சக்கரச் சட்டம்) மாட்டினேன், வளைவுல தடம் இறங்கிடுதுன்னு கேட்டிருந்தீங்க. முதல்ல அந்த 9 மிமீயை விட்டுடுங்க. நீலகிரி லைன் மீட்டர் கேஜ், அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல 1000 மிமீ, அதை 87ஆல வகுத்தா 11.5 வரும், அதனால 12 மிமீ தண்டவாளம்தான் சரி, இந்த அளவுல வர்ற சுவிஸ் மீட்டர் கேஜ் மலை ரயில் மாடல்கள் இதுலதான் ஓடுது, பெமோங்கிற மாடல் ரயில் கம்பெனியோட சக்கரம் வாங்கலாம். டார்ஜிலிங் ரயில் வேற கதை, அது 610 மிமீ, 1:76ல பண்ணா 8 வரும், அங்க 9 ஓரளவு ஒத்துப்போகும்.

அடுத்து, ரெண்டு போகியையும் ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கீங்க, போட்டோல நல்லாவே தெரியுது. ஒண்ணு திரும்ப மட்டும் செய்யணும், பக்கவாட்டுல ஆடக்கூடாது, இன்னொண்ணை ஆடுற மாதிரி லூசா விடுங்க, அப்பதான் பாதை கொஞ்சம் ஏறி இறங்கினாலும் நாலு அச்சும் தண்டவாளத்துலயே உக்காரும். ரெசின் பெட்டிக்கு வெயிட்டே இருக்காது, தரையில ஈயத்தகடு ஒட்டுங்க, மேல வேண்டவே வேண்டாம். வாங்குறவங்களே சேர்த்து ஒட்டுற கிட்டா (kit) விக்கிற ஐடியா இருந்தா கூரையைத் தனி பீஸா வரைஞ்சிடுங்க, நீலமும் க்ரீமும் அடிச்சு முடிச்சப்புறம்தான் ஜன்னலுக்கு உள்ளேருந்து கண்ணாடி மாதிரி ஷீட் ஒட்டணும், அதுக்கு வழி வேணும்ல.